மாமா சொல்லாமல் விட்ட அடி

எங்கள் வீட்டில் ஒரு ரகசியம் உண்டானபோது, அதை முதலில் மாமாவிடமிருந்துதான் மறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு மெதுவாகப் பேச வராது. விடிவதற்கு முன்னால் அஜ்மானில் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, "யல்லா, யல்லா, ஏறுங்கப்பா, துபாய் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துக் கேம்ப்காரர்களும் எழுந்து பல் விளக்கப் போவார்கள் என்று அப்பா சொல்வார். அவர் காதில் ஒன்று விழுந்தால் அது மறுநாள் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

ரகசியம் இதுதான். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துப் படியேறும்போது அப்பா வழுக்கி விழுந்து இடது முழங்கால் பிசகிவிட்டது. சாரத்தில் ஏறி ஏசி குழாய் மாட்டுவது அப்பாவின் வேலை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் சமயம் வேறு. ஏற முடியாதவன் என்று பெயர் வந்துவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட், அவ்வளவுதான். என் பள்ளிக்கூடமும் அதோடு போகும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் நிலைத்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா நர்சரியில் ஆயா வேலை பார்த்து அந்த பெஞ்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா தினமும் அப்பாவின் காலில் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றுவாள். அதன்மேல் பேன்ட். வழியில் வலி வந்தால் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து முக்கியமான அழைப்பு வந்ததுபோல் நின்றுவிடுவார். அந்த நாட்களில் அப்பாவுக்கு நிறைய முக்கியமான அழைப்புகள் வந்தன.

"மாமாகிட்டகூட வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தே, அடுத்த பிளைட்டுல ஊருதான்" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பொங்கல் வரும்வரை.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் கேம்பில் பொங்கலுக்கு ஒயிலாட்டம் ஆடுவார்கள். இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும். கையில் கலர்த் துண்டு, காலில் சலங்கை. கொட்டு, காலி பெயிண்ட் டப்பா. டூட்டி முடித்துவிட்டு வருகிறவனுக்கு ஒத்திகை ஏது? மாமா முன்னால் நின்று அடியைச் சொல்லச் சொல்ல இரு வரிசையும் ஆடும். என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீசு, சுத்து, கை மாத்து, கடைசியில் குந்து. அந்தக் 'குந்து' வந்ததும் இரண்டு வரிசையும் ஒரே வீச்சில் குந்தி, குந்திய வேகத்தில் எழும்ப வேண்டும். கூட்டம் விசிலடிப்பது அதற்குத்தான்.

வலது வரிசையின் தலை ஆள், வருஷா வருஷம், அப்பா. இந்த வருஷம் நிற்கவில்லை என்றால் ஏன் என்று கேள்வி வரும். கேட்கப் போகிறவர் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்துக்காரர். யார் பெயர் புதுப்பிக்கும் பட்டியலில் போவது என்று எழுதுகிறவர் அவர்தான். முன் நாற்காலியில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள்.

"வேட்டி கட்டுறதுல ஒரு நல்லது, கட்டு வெளிய தெரியாது" என்றார் அப்பா.

"குந்துறப்ப?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா துண்டை மடித்தார்.

ஆட்டம் வெள்ளிக்கிழமை, லீவு நாள். கேம்ப் முற்றத்தில் பெரியவர்களுக்குப் பின்னால், அப்பா வரிசையின் வாலில் என்னையும் நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் துண்டு இல்லை, அம்மாவின் பழைய துப்பட்டா. டப்பா அடிக்கத் தொடங்கியதும் மாமாவின் குரல் எழுந்தது. பஸ் வாசலில் கேட்கும் அதே குரல். ஆனால் அன்று அதில் ஓர் இழுப்பும் சுழிப்பும் இருந்தது.

"முன்ன வந்து வீசு மச்சான், பின்ன போயி வீசு!"

அப்பா முன்னால் வந்தார், பின்னால் போனார். சுற்றினார். எனக்கு மட்டும் தெரியும்படி தோள் ஒருமுறை சரிந்தது. கை மாற்றும் அடி முடிந்தது. அடுத்தது குந்து. மாமா மூச்சை இழுத்தார்.

"எடது வரிசை குந்து! வலது வரிசை வீசு!"

அப்படி ஓர் அடி கிடையாது. ஊரிலும் கிடையாது, கேம்பிலும் கிடையாது. இடது வரிசை ஒரு கணம் விழித்துவிட்டுக் குந்தியது. வலது வரிசை அவர்கள் தலைக்கு மேலே துண்டுகளை வீசியது. காற்றில் கலர் கலராக ஒரு கூரை போட்டதுபோல் இருந்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இடது குந்தினால் அடுத்து வலதுதானே? எதிர் வரிசை எழுந்து துண்டைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. சூப்பர்வைசரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாமா டப்பாக்காரரைப் பார்த்து இன்னும் வேகமாக என்று கை காட்டினார்.

"வாலுல இருந்து வரட்டும் மச்சான், ஒத்த ஒத்தையா குந்து!"

வால் என்றால் நான். நான் குந்தினேன். எனக்கு முன்னால் நின்றவர் குந்தினார். அவருக்கு முன்னால் நின்றவர், அவருக்கும் முன்னால் நின்றவர். இரண்டு வரிசையிலும் ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிந்துகொண்டே அப்பாவை நோக்கிப் போனார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகு அப்பாவைத் தொடப் போகிறது என்று எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்றவரும் குந்திவிட்டார். இனி அப்பாதான்.

"தல ஆளு ரெண்டும் கோபுரம் கட்டு! குந்துனவன் குந்துனபடி உள்ள வா!"

அப்பாவும் எதிர் வரிசைத் தலை ஆளும் துண்டுகளின் நுனியைச் சேர்த்துப் பிடித்து உயர்த்தினார்கள். குந்தியிருந்த வரிசைகள் வாத்து நடையில் திரும்பி, ஜோடி ஜோடியாக அந்தக் கோபுரத்துக்குள் நுழைந்தன. அப்பா நின்றார். நின்றால் போதும். மொத்த ஆட்டமும் அவர் கைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியாக நான் போனேன். அண்ணாந்து பார்த்தேன். அவருக்கு முகமெல்லாம் வேர்வை. வலியில்தான் வேர்த்திருக்கும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவர் ஏதோ கோயில் வாசலில் நிற்கிற துவாரபாலகர் மாதிரி தெரிந்தார்.

அதன் பிறகும் மாமா விடவில்லை. கோபுரத்தை இரண்டாக்கினார், நான்காக்கினார், வரிசைகளை வட்டமாக்கி அப்பாவை நடுவில் நிறுத்தி மற்றவர்களை அவரைச் சுற்றவிட்டார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லவில்லை. ஓர் அடி காலில் இறங்குவதற்குள் அடுத்த அடி அவர் வாயில் பிறந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் அவர் வாயையே பார்த்தேன். இன்றைக்குவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் சூப்பர்வைசர் எழுந்து வந்தார்.

"என்ன இது, இந்த முறை புது ஆட்டமோ?"

"ஊருல இப்ப இதான் சார் ஓடுது" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எங்கள் அறைக்கு வந்ததும் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு எவன்டா சொன்னான்?"

"எவன் சொல்லணும்? வலது கால் சலங்கை பேசுது, எடது கால் சலங்கை முனங்குது. மச்சான், நீரு ஆடுனதக் கண்ணு தெரியாதவனும் கண்டுபுடிச்சிருப்பான்."

"அப்ப பஸ்ஸுல சொல்லிருவியா மாப்ள?" என்றார் அப்பா.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நீரு நல்லா ஆடுனீரு, அம்புட்டுத்தான்" என்றார் மாமா. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அப்பாவை சைட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாரம் இல்லை, ஏணி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து குழாய்களை எண்ணிக் கொடுக்கிற வேலை. கான்ட்ராக்டும் புதுப்பிக்கப்பட்டது. எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கிவிட்டது. அப்பா ஆடிய ஆட்டத்துக்குக் கம்பெனி கொடுத்த பரிசு இது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன். ஆடி ஜெயித்து நாற்காலி வாங்கிய அப்பா என் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

சில வாரம் கழித்து ரோலா கடைத்தெருவில், ஊருக்குப் பணம் அனுப்ப அப்பா வரிசையில் நின்றபோது, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், எங்கப்பா நல்லா ஆடுனதுக்குத்தான ஸ்டோர் வேலை குடுத்தீங்க?"

அவர் வரிசைப் பக்கம் பார்த்தார். அப்பா ஒரு காலில் பாரம் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். போன் காதில் இல்லை. சூப்பர்வைசர் அந்த இடது முழங்காலைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஓம் தம்பி. வேற என்னத்துக்கு?"

என் தலையைத் தட்டிவிட்டு, அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் அவசரமாகக் கூட்டத்தில் கலந்து போய்விட்டார். அவ்வளவு பெரிய மனிதர் எதற்கு எங்கள் அப்பாவுக்குப் பயந்து ஓடுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றாக ஆடுகிறவர்களிடம் எல்லோருக்கும் ஒரு மரியாதை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.