தங்கபாய் மாமியின் மிகச் சிறிய ஜெபம்

சென்ற வாரம் தம்பானூரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டார்கள். "தங்கபாய் மாமி போயாச்சு மக்களே. உறக்கத்திலயே," என்றார்கள். பிறகு அம்மா, "உமக்குத் தெரியும், கர்த்தாவே," என்றார்கள். அது மாமியின் ஜெபம். எங்கள் சபையில் அதை அறியாதவர் கிடையாது. மாமியைக் காணக் கொடுத்துவைக்காதவர்களுக்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்தவர்கள் மாமி. ஆரியசாலையில் கணவரின் பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தமிழ்ச் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். முடிவு ஜெபம் எப்போதும் மாமிதான். அந்நாளில் அந்த ஜெபம் நீளமானது; சுவையானதும்கூட. "ஆண்டவரே, ஸ்டெல்லாவுக்க மருமோள் பிணங்கிக்கிட்டு தாய்வீட்டுல போய் இருக்கா, அவளுக்க மனச இளக்கும். வளைவு வீட்டுப் பையன் குடிச்சிட்டு வாறான், அவனத் திருத்தும்," என்று தெருத்தெருவாகப் போவார்கள். எங்கள் கண்கள் மூடியிருக்கும், காதுகள் நன்றாகத் திறந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை. மாமியிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆண்டவரிடம் விவரமாகச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்று நம்பினார்கள்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது அதை மறைத்துவிடலாம் என்றார்கள் வீட்டில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிடுவேன் என்று பிடிவாதமாக இருந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து பேசுவதாக ஏற்பாடும் ஆயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில். மாப்பிள்ளையின் தாயாரும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்க வலிப்பு நிச்சயத்தன்னைக்கு வராம காத்துக்கொள்ளும்," என்றார்கள் மாமி, கண்ணீரோடு.

நான் கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாளும் திறந்திருந்தார்கள். காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள், சம்பந்தமும் அதோடு போயிற்று. என்றோ மனம் கேட்காமல் என் வலிப்பைப் பற்றி மாமியிடம் அழுது சொன்னது அம்மாதான். "இனி எனக்க வீட்டுல உப்பு இல்லன்னுகூட அவளுக்கிட்ட சொல்லமாட்டேன்," என்றார்கள். என் கோபம் வேறு விதம். மறைக்க நினைத்தது எங்கள் தப்பு. ஆனால் சொல்ல வேண்டியவள் நான். மாமி என் வாயிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போதகர் வழக்கம்போல முடிவு ஜெபத்துக்கு மாமியை அழைத்தார். மாமி எழுந்தார்கள். கண்ணை மூடவில்லை.

"நான் இவ்வளவு நாளும் பண்ணினது ஜெபம் இல்ல. கண்ண மூடிக்கிட்டு உங்களுக்குக் கத சொல்லியிருக்கேன். ஒரு பிள்ளைக்க வாழ்க்கையில எனக்க நாக்கு தீ வச்சாச்சு. ஆண்டவரு என்னைய மாத்தணும். நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருங்க, மாத்துவாரு."

பிறகு என் முன்னால் வந்து, "மக்களே, மன்னிக்கணும்னு நான் கேக்கல்ல. உனக்கு எப்பம் தோணுதோ அப்பம் மன்னி," என்றார்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆண்டவர் மாற்றினார், ஆனால் சுலபத்தில் அல்ல. பழகிய நாக்கு அடங்குமா? "ஆண்டவரே, நம்ம பேக்கரிக்காரருக்க மூத்த..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "உமக்குத் தெரியும், கர்த்தாவே," என்று முடிப்பார்கள். நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம். பாதி பேருக்கு ஏமாற்றமும்தான். நாளாக நாளாக முன்பாதி தேய்ந்துபோய், "உமக்குத் தெரியும், கர்த்தாவே, ஆமென்," என்பது மட்டும் நின்றது. சபையிலேயே மிகச் சிறிய ஜெபம். அதைச் சொல்லும்போது மாமியின் முகத்தில் இருந்த நிம்மதியை, நீளமாக ஜெபித்த காலத்தில் நான் கண்டதே இல்லை.

பிறகு கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாத்திரம் வாங்க அல்ல. மாமி கடைக்குப் பின்னாலிருக்கும் அறைக்கு அழைத்துப் போய்க் கேட்பார்கள், சேர்ந்து முழங்கால் போடுவார்கள், அனுப்புவார்கள். "யாரு வந்தது?" என்று மாமா கேட்டால், "ஒரு ஆளு," என்பார்கள். மாமாவும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் ஒருநாளும் மாறவில்லை.

சில வருடங்கள் கழித்து, வீட்டில் சொல்ல முடியாத ஒரு காரியம் எனக்கும் வந்தது. ஆரியசாலைத் தெருவில் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். என்னைச் சந்தியில் நிறுத்தியவர்களிடமே போய்ச் சொல்வதா? கடைசியில் போனேன், சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அது இன்றுவரை எந்த வாயிலிருந்தும் என்னிடம் திரும்பி வரவில்லை. "மாமி, இப்பம் மன்னிச்சாச்சு," என்று சொல்ல இன்னொரு நாள் போனேன். மாமி சிரித்துக்கொண்டே அழுதார்கள். பின்னர் என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் வலிப்பைப் பற்றி என் வாயாலேயே சொன்னேன். அவரோடுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன்.

அடக்க ஆராதனையில் போதகர், யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எழுந்தார். "நான் ஒரு விஷயம் மாமிக்கிட்ட சொல்லியிருந்தேன். அது வெளியில வரல்ல. அவ்வளவுதான்," என்று உட்கார்ந்தார். அடுத்து ஒரு பெண் எழுந்து, "எனக்கும் அதுதான் சொல்ல உள்ளது," என்றார். சபை சிரித்தது, சிரிப்போடு கண்ணையும் துடைத்தது.

போதகர் யோசித்துவிட்டு, "மாமிக்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கறவங்க எல்லாரும் ஒருதடவை எழும்புங்க," என்றார்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கோயிலில் பாதிக்கு மேல் எழுந்து நின்றது. அந்த நாக்கையா ஆண்டவர் இப்படி ஆக்கினார் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானும் எழுந்தேன். பக்கத்தில் புடவை சரசரத்தது. உப்பு இல்லை என்றுகூடச் சொல்லமாட்டேன் என்ற என் அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் என்னைக் கேட்கவில்லை. போய் வாருங்கள் மாமி. நின்ற எங்களுக்காகப் போதகர் ஜெபித்தார்: "உமக்குத் தெரியும், கர்த்தாவே."

ஆமென் என்றோம்.