கதிர்க்குருவிக்கு ஒரு சாட்சி

என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கிறார். அத்தை மகன்தான், அதனால் எனக்கு பாவா. ஷிஃப்டு இல்லாத நாளெல்லாம் விடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் திருத்தணியின் மலையடிவாரத்துப் பூங்காவுக்குப் போய்விடுவார். நான் புதுப்புடவை கட்டி எதிரில் நின்றால் சட்னியில் உப்பு கம்மி என்பார். அதுவே ஒரு குருவியாக இருந்தால் வால் நுனி, கண் ஓரம், கால் நிறம் எல்லாம் மனப்பாடம். அந்தக் குருவிகளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் குழு வைத்திருக்கிறார்கள். அபூர்வமான பறவை என்றால் போட்டோ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஒற்றை ஆள் பேச்சு செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே பாவாதான்.

அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தது பருத்த அலகுக் கதிர்க்குருவிக்கு. குளிருக்கு வடக்கிலிருந்து வருவது, பங்குனியில் திரும்பிப் போகும்போது எப்போதாவது இந்தப் பக்கம் தங்குமாம். புதரை விட்டு வெளியே வராதாம். குழுவில் யாரும் அதைத் திருத்தணியில் பார்த்ததில்லை. முதலில் பார்த்தவர் என்று தன் பேர் வரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அதில் மண்ணைப் போட்டவள் வரலட்சுமி. பொதட்டூர்பேட்டைப் பெண், நர்ஸ். பறவை பார்க்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பங்குனியில் ஒருநாள் காலை பூங்காவிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"சார், பருத்த அலகு சார்! மூக்கு தடியா இருந்துச்சு, புருவக் கோடே இல்ல. சக் சக்னு கத்திகினு இருந்துச்சு!"

பாவாவின் முகம் சுண்டிப்போனது. "போட்டோ?"

"எடுக்கறதுக்குள்ள புதருக்குள்ள பூந்துடுச்சு சார்."

"கூட யாரு இருந்தா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப அது சாதா நாணல் குருவிம்மா. புதுசுல எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்."

அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். அன்று முழுக்க பாவாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடியும்போதே என்னை எழுப்பினார்.

"நிர்மலா, பூங்காவுக்கு வர்றியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பூரித்துப்போய்த் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில்தான் விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு பேர் பாத்தா போதும், நம்ம பேர்ல ஏறிடும்."

ஓகோ, சாட்சிக்கா நான்!

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நொச்சிப் புதர். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். 'சக்' என்று சத்தம் கேட்டது. பாவா ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். எனக்கு நன்றாகவே தெரிந்தது. பழுப்பு உடம்பு, தடித்த அலகு, கோடில்லாத முகம். இந்த மூஞ்சிக்கா இத்தனை வருஷத் தவம்? திரும்பினால் பாவாவின் கண்ணில் தண்ணீர். எங்கள் பெண் யுவஸ்ரீயைப் பிறந்ததும் கையில் வாங்கியபோதுகூட அவர் முகம் இப்படி மலரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

குருவி பறந்து மதிலைத் தாண்டிப் போய்விட்டது. அப்போதுதான் வரலட்சுமி வந்து சேர்ந்தாள். சாட்சிக்கு அவளும் ஆள் கூட்டி வந்திருந்தாள், குழுவில் மூத்தவரான வீரபத்திரனை.

"இப்பத்தான் போச்சு!" என்று பாவா கத்தினார். "நானும் நிர்மலாவும் பாத்துட்டோம். திருத்தணியில மொதல்ல நாங்கதான்."

வரலட்சுமிக்கு உதடு துடித்தது. வீரபத்திரன் என்னிடம் திரும்பினார்.

"நீ பாத்தியாம்மா?"

பாவாவும் என்னைப் பார்த்தார். கண்ணிமைக்காமல், மூச்சுவிடாமல், என்னை மட்டுமே பார்த்தார்.

"எனக்கு எல எலயாத்தான் தெரிஞ்சுதுங்க," என்றேன். "குருவி எதையும் நான் பாக்கல."