சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் பதினோரு வருடமாக நிற்கிறேன். படித்தது பத்தாவது. நான் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பேன், பார்மசிஸ்ட் சார் சரிபார்த்து பில்லில் கையெழுத்துப் போடுவார். இனிமேல் பார்மசி டெக்னீசியன் தேர்வு பாஸ் செய்தவர்கள்தான் கவுண்டரில் நிற்கலாம் என்று நிர்வாகம் சொன்ன பிறகு, நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் நோட்டும் பேனாவும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறுவேன். அண்ணாமலை நகரில் ஒரு பெண் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், அவளும் அதே தேர்வுக்குத்தான் படித்தாள். அவள் மாதிரிக் கேள்விகளை வாசிப்பாள், நான் பதில் சொல்வேன். தாள்களின் முதல் பக்கத்தில் நான் விபூதி பூசி வைத்திருப்பேன். அதைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு.

"டோஸ் கணக்கெல்லாம் சாமி வந்து போட்டுக் குடுப்பாராக்கா?"

"போட வேணாண்டி. பயத்த மட்டும் எடுத்தாப் போதும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருந்துப் பெயர்களுக்கு நான் பயப்பட்டதில்லை. மருத்துவமனைப் பிரிவுக் கேள்விகளுக்குத்தான் பயம். ஒவ்வொரு கேள்வியிலும் யாரோ ஒரு ஆள் கட்டிலில் படுத்திருப்பார். நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் பிழைப்பார், அல்லது பிழைக்க மாட்டார். பேர் இல்லாத அந்த ஆட்களுக்கெல்லாம் நான் மனசுக்குள் முகம் வைத்துவிடுவேன்.

அன்றைக்கு ஏழெட்டுக் கேள்வி சரியாகச் சொல்லி கொஞ்சம் தெம்பாக இருந்தேன். அவள் அடுத்ததை வாசித்தாள்.

"நூறு யூனிட் இன்சுலின் பாட்டிலுக்கு நாப்பது யூனிட் சிரிஞ்ச் குடுத்துட்டாங்க. நோயாளிக்கு இன்னா ஆவும்?"

"பாட்டில்னா சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். இதுல இன்னா கேள்வி?"

"அக்கா, நாப்பது பாட்டிலுக்குத்தான் சிவப்பு மூடி. நூறு பாட்டிலுக்கு ஆரஞ்சு, அதுல மருந்து கெட்டி. மாத்திக் குடுத்தா ரெண்டர மடங்கு மருந்து ஒடம்புல ஏறிடும். சக்கர எறங்கி, ஆளு மயக்கம் போட்டு…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை.

எங்கள் கவுண்டருக்கு அதுவரை வந்த பாட்டில்கள் எல்லாம் நாற்பதுதான். நூறு யூனிட் மருந்து, ஊசியோடு சேர்ந்த இன்சுலின் பேனாவில்தான் வரும், அதற்குச் சிரிஞ்சே வேண்டாம். அதனால் 'பாட்டில்னா சிவப்பு' என்பது எங்கள் கை கற்றுக்கொண்ட பாடம், யாரும் யோசிப்பதில்லை. அந்த வாரம்தான் முதல் முறையாக நூறு யூனிட் மருந்து பாட்டிலில் வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் புவனகிரிப் பெரியவர் ஒருவருக்கு அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் வருகிறவர். டாக்டர் அவருக்கு அன்றுதான் மருந்தை மாற்றியிருந்தார். ராத்திரி படுக்கும்போது பதினாறு யூனிட். கூட்டம் நெருக்கியது. என் கை தானாகப் போய் சிவப்பு மூடி சிரிஞ்சைப் பத்து எடுத்துப் பையில் போட்டது. சாரும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பதினாறை ரெண்டரையால் பெருக்கினேன். நாற்பது. மறுபடியும் பெருக்கினேன். நாற்பதுதான்.

"இன்னாக்கா, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

சொன்னேன். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

கவுண்டரில் அன்று வேலையில் இருந்த பெண்ணுக்கு போன் செய்து, பில்லில் இருந்த பெரியவர் நம்பரை வாங்கினேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். வெள்ளாத்துப் பாலத்துக்குப் பக்கத்தில், மாவு மில்லுக்குப் பின்னால் வீடு என்று அவர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது.

அவள் ஸ்கூட்டியை எடுத்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். தெரிந்த சாமி பேரையெல்லாம் வழிநெடுகச் சொன்னேன். நடராஜா, அந்த மனுஷன் கண்ணைத் திறந்து பேசணும், அது போதும், வேலை போனாலும் போகட்டும் என்று கும்பிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வரவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பதாகவும், நாற்காலி இறக்குவதாகவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தெரு முனையில் திரும்பியபோதுகூடப் பந்தல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

பந்தல் இல்லை. வாசலில் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, ஐயா எங்க?"

"யாரும்மா நீ? ஆஸ்பத்திரி மருந்துக்காரப் பொண்ணா? தூங்குறாரு. காலையிலேர்ந்து எழுப்புறேன், ம்ங்குறாரு, திரும்பிப் படுத்துக்குறாரு. ஞாயித்துக்கெழமன்னா மகாராஜா."

உள்ளே ஓடினேன். கட்டிலில் பனியன் முழுக்க வேர்வையில் நனைந்து கிடந்தார். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. "ஐயா" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பஸ்சு போயிடுச்சா?" என்றார். எந்த பஸ் என்று தெரியவில்லை. பேசினாரே, அதுவே பெரிசு.

"சக்கர எங்க பெரியம்மா? சீக்கிரம்!"

"சக்கரயா? சக்கர நோயாளிக்கா? ஒனக்கு இன்னா பைத்தியமா?"

விளக்க நேரமில்லை. கூட வந்தவள் அடுக்களையில் நுழைந்து, டப்பா டப்பாவாகத் திறந்து சர்க்கரையைக் கண்டுபிடித்துத் தண்ணீரில் கரைத்தாள். தூக்கி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து மெல்ல மெல்லக் கொடுத்தேன். பாதி தாவாங்கட்டையில் வழிந்தது. மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் ரத்தத்தில் சர்க்கரை அளவு நாற்பத்தி ஒன்றுதான் இருந்தது, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மெதுவாக வேலை செய்கிற மருந்து, இப்போது ஏறினாலும் மறுபடி இறங்கும், நாளை காலை வரைக்கும் பார்க்க வேண்டும் என்றார்.

வராந்தாவில் சாருக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்மா, அவுங்களுக்குத் தெரியுமா?"

"டாக்டருக்குச் சொல்லிட்டேன் சார். அந்தம்மாவுக்கு இனிமேத்தான்."

"அவசரப்படாத. ஊட்டுல பழைய சிரிஞ்ச் கெடந்திருக்கும், அதுல போட்டுட்டாங்கன்னு விட்டுரு. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பரீட்ச வேற வருது ஒனக்கு."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் என்னைப் போலத்தான் பயம். அந்த வழி எனக்கும் நல்லதாகத்தான் தோன்றியது. சொல்லவே வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஆனால் பையில் இன்னும் ஒன்பது சிவப்பு மூடி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் அந்தம்மா நாளைக்கும் அதே ஊசியில்தான் பதினாறு இழுப்பார்.

போய் அந்தம்மா முன்னால் நின்றேன். "பெரியம்மா, தப்பு என்மேல. ஊசிய மாத்திக் குடுத்துட்டேன்."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் குடுத்தியா?"

"ஆமா."

"நான்தானே என் கையால போட்டேன். பதினாறுன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டு எண்ணி எண்ணிப் போட்டேனேடி பாவி." கையில் மீன் செதில் இன்னும் ஒட்டியிருந்தது. அதோடு தலையில் அடித்துக்கொண்டார். "போ. எம் மூஞ்சில முழிக்காத."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கூட வந்தவள் வாங்கி வந்த டீ ஆறிப்போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து அளவு சொல்வார். ஜன்னல் வழியாகக் கேட்பேன். எண்பத்தெட்டு. அப்புறம் அறுபத்திரண்டு. கும்பிட எனக்கு வார்த்தை வரவில்லை, கையை மட்டும் கூப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் தொண்ணூற்றைந்து. சாயங்காலம் நூற்றுப் பத்து. பெரியவர் எழுந்து உட்கார்ந்து, மீன் குழம்பு என்ன ஆச்சு என்று கேட்டாராம்.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வெளியே வந்தார். கையில் எங்கள் மருத்துவமனைப் பை.

"அழுதது போதும். எந்த மூடின்னு சொல்லு."

"ஆரஞ்சு, பெரியம்மா. இந்த பாட்டிலுக்கு ஆரஞ்சுதான்."

"எனக்கு நூறு, நாப்பது எல்லாம் படிக்க வராது. பாட்டில் மேலயே கலர் போட்டுக் குடு."

என் கைப்பையில் ஆரஞ்சு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி எதிரில் இருந்த கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் ஒரு ஆரஞ்சு ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தேன். மருந்து டப்பாவைச் சுற்றியும், பாட்டில் லேபிளின் ஓரத்திலும் கோடு போட்டேன். கோடு வளைந்து வளைந்துதான் போயிற்று. ஒன்பது சிவப்பு மூடியையும் எண்ணி வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அந்தம்மா டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ குடுத்துட்டுப் போயிருவ. நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. அவளுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் பெரியம்மா."

"சொல்லு," என்றார். டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார். என்னை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. காலை வரைக்கும் அந்த வராந்தாவிலேயே இருந்தேன்.