பேரைச் சொல்லி ஏலம் கேளுங்க

எங்கள் சபையில் வளர்ந்த எவனுக்கும் லீலாபாய் டீச்சரின் விரல் நகத்தைத் தெரியும். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் சொல்லும்போது ஒரு வார்த்தை தவறினால் தொடையில் கிள்ளுவார். மறதி என்று ஒன்று கிடையாது, சோம்பேறித்தனம்தான் உண்டு என்பது அவர் கட்சி. நான் பிபின், குலசேகரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சின்ன வயதில் கிள்ளு வாங்கிப் படித்த வசனத்தை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த வகையில் டீச்சரைக் குறை சொல்ல முடியாது.

அவர் கணவர் ஜான்ரோஸ் மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்து உச்சியிலிருந்து கீழே நிற்பவனிடம் கத்திக் கத்தி முற்றிய தொண்டை. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, கோழி எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவது அவர்தான். ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு சம்பந்திகளை முட்ட வைத்துவிடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

போன வருஷம் ஏலத்தில் கடைசியாக ஒரு சேவல் வந்தது. விலை கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மாமா என்னைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார், பிறகு "மூணு தரம்! இசபெலுக்கு!" என்று முடித்துவிட்டார். எங்கள் சபை இசபெல் அக்காவோ ஒரு மூலையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. "மாமா, கேட்டது நானாக்கும்!" என்று கத்தினேன். முற்றமே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சேவல் இசபெல் அக்கா வீட்டுக்குப் போயிற்று. எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

அதன்பிறகு நாகர்கோவிலில் டாக்டர் பார்த்து, மறதி நோயின் தொடக்கம் என்றார். மாமாவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. வெளியே தெரியக்கூடாது என்று டீச்சர் முடிவு செய்தார். யார் கேட்டாலும், "அவருக்குத் தொண்டை செரியில்ல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தையும் ஆரம்பித்துவிட்டார். மனப்பாடம்.

காலையில் காப்பி குடித்ததும் கல்யாண ஆல்பம் வரும். "இது யாரு? நேத்து சொன்னேனே, சொல்லுங்க." வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலிலேயே பரீட்சை. ஒருநாள் என்னையும் நிறுத்தி வைத்து, "இது யாருண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா மக்கா" என்றார். எங்கள் ஊரில் மக்கா என்றால் யாருக்கும் பொருந்தும். கெட்டிக்காரர்! டீச்சர் விடுவாரா? "மக்கா செரி, பேரு?" மாமா எழுந்து பின்பக்கத்து ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டார். அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டாலே அங்கேதான் போவார். வீட்டில் பேச்சும் குறைந்துபோயிற்று.

டாக்டர் இரண்டு பேரையும் கவுன்சிலிங்குக்கு வரச் சொன்னார். "நோவு அவருக்கு. எனக்கு என்னத்துக்குலே கவுன்சிலிங்?" என்று டீச்சர் என் காரில் தக்கலை வரைக்கும் புலம்பினார். உள்ளே நடந்ததைப் பின்னால் அவரே எனக்குச் சொன்னார்.

கவுன்சிலர் அஜிதா குழித்துறைக்காரப் பெண், என்னைவிட இளையவள். "காலம்பற என்ன சாப்பிட்டிய அங்கிள்?" என்று மாமாவிடம் கேட்டாள். "புட்டும் பயறும்" என்றார் டீச்சர். "ராத்திரி உறக்கம் உண்டா?" "நல்லா உறங்குவாரு" என்று சொன்னதும் டீச்சர்தான். "வீட்டுல எது கஷ்டமா இருக்கு அங்கிள்?" என்று கேட்டபோதும் டீச்சர் வாயைத் திறந்தார்.

"டீச்சர், இது அங்கிளுக்குள்ள கேள்வி. எவ்வளவு நேரமானாலும் செரி, அவரே சொல்லட்டு" என்றாள் அஜிதா.

மாமா தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவ தினமும் பரீட்சை வைக்கா. நான் தினமும் தோக்கேன். தோக்கதுக்காக எதுக்கு எழும்பணும்ணு இருக்கு."

டீச்சர் அழுதுவிட்டார். "உங்களுக்க நல்லதுக்குத்தான் கேட்டேன். ஒருநாள் எனக்க பேரும் போயிருமோண்ணு பயந்து கேட்டேன்" என்றார். ஊரே பயந்த டீச்சருக்குள் இருந்த பயம் அது ஒன்றுதான். பாவம், அதை வெளியே சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை.

"கேட்டுக் கேட்டு மறதிய நிறுத்த முடியாது டீச்சர்" என்றாள் அஜிதா. "அவரு பேரைத் தேடுகதுக்கு முந்தி நீங்களே சொல்லிக் குடுங்க. அவரால இப்பமும் செய்ய முடியுத காரியம் நெறைய உண்டு. அதை நாம பறிக்கப்பிடாது." மாமா பக்கம் திரும்பி, "அங்கிளுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டாள்.

"ஏலம்" என்றார் மாமா.

"வேண்டாம்! போன வருஷம் மாதிரி ஊரே சிரிக்கும்" என்றார் டீச்சர்.

"போன வருஷம் சிரிச்சது விஷயம் தெரியாம. தெரிஞ்சா சிரிப்பாவளா?" என்றாள் அஜிதா.

பிறகும் பல தடவை கூட்டிப் போனேன். பழக்கம் லேசில் போகுமா? நான் வாசலில் நின்றால் டீச்சர், "இது யா..." என்று தொடங்கி, பாதியில் விழுங்கி, "பிபின் வந்திருக்கான், நம்ம வண்டிக்காரன்" என்று முடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும். மாமா மரங்களுக்குள் போகாமல், "வா பிபின், இரி" என்பார். ஆல்பத்தைப் பிரித்து டீச்சரே கதை சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள், கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையைச் சொல்லும்போது மாமா குறுக்கே புகுந்து, "உனக்க அப்பன் அன்னைக்கு ஒத்தச் செருப்போடல்லா வீட்டுக்குப் போனாரு" என்றாராம். யாரும் கேட்காமல் தானாக வந்த பதில். டீச்சர் அதைச் சொல்லி என்னிடம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆனாலும் ஏலத்துக்கு அவர் அரை மனதாகத்தான் சம்மதித்தார். பண்டிகைக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் போதகரிடம் போய் உள்ளதைச் சொன்னார்கள். பண்டிகையன்று ஏலம் தொடங்கும்போது மாமா நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு மறதி நோவு உண்டு. முகம் தெரியும், பேரு வராது. அதனால பேரைச் சொல்லி ஏலம் கேளுங்க. பேரைச் சொல்லாதவங்களுக்குச் சக்கை கிடையாது!"

பெண்கள் பக்கம் நின்ற டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது இசபெல் அக்கா, "இசபெல்! வாழைக்குலைக்கு!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அதோடு பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குப் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். சொல்ல மறந்தவனைப் பக்கத்தில் நின்றவன் இடித்தான். மாமாவின் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது.

கடைசியில் சேவல் வந்தது. இந்த வருஷம் விடுவதில்லை என்று இருந்தேன். "பிபின்!" என்று விலையைச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. பேர் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் டீச்சர்.

மாமா அவரையே பார்த்தார். "யாரு கேட்டது? பேரைச் சொல்லணும்."

'நான் யாருண்ணு தெரியல்லியா?' என்ற கேள்வி டீச்சரின் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டார்.

"லீலாபாய்" என்றார் சத்தமாக. "உங்களுக்க வீட்டுக்காரி."

"லீலாபாய்! ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" ஒரே மூச்சு. திறந்த வாயை மூடக்கூட எனக்கு நேரமில்லை. சேவல் இந்த வருஷமும் போச்சு.

சேவலோடு இரண்டு பேரையும் நான்தான் வீட்டில் கொண்டு விட்டேன். மாமா இறங்கி அதைக் கூட்டில் அடைக்கப் போனதும் மெதுவாகக் கேட்டேன்: "டீச்சர், மாமா அங்க பேரு கேட்டது மறந்துபோயா, விளையாட்டுக்கா?"

"அதை நான் கேக்கல்ல மக்கா. நீயும் கேக்காத" என்றார் டீச்சர்.