பாரம் தெரிகிற வேகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் வாவிக்கரை வீதியில் சைக்கிள் ஓடும் எங்கள் கூட்டத்தில் நான்தான் கடைசி. நிமிடத்துக்கு எத்தனை தரம் கால் சுற்றுகிறது என்று காட்டும் கருவி ஒன்று எல்லோரிடமும் உண்டு. அதைப் பற்றிய அறிவுரையும் எல்லோரிடமும் உண்டு. கியரை இலேசாக்கு, கெதியாகச் சுற்று, முழங்கால் தப்பும் என்பார்கள். முயன்று பார்க்காமலில்லை. கொஞ்சத் தூரம் போவதற்குள் கால்கள் தாமாகவே பழைய நடைக்குத் திரும்பிவிடும். "களத்தில நெல்லுச் சூடு மிதிக்கிற மாடு மாதிரிப் போறா" என்று முன்னால் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு இந்த வேகத்தில்தான் மூச்சு முட்டுவதில்லை. ஆனால் இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. பத்து வயதில் நான் அடியோடு வெறுத்த வேகம் இது.

சுனாமிக்குப் பிறகு சித்தப்பா பழுகாமத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். கடற்கரையில் இருந்த அவருடைய வீட்டையும், சித்தியையும், அவர்களின் மகளான, என்னைவிட ஒரு வயது இளைய தங்கச்சியையும் கடல் கொண்டுபோயிருந்தது. வரும்போது அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டும்தான். எல்லாம் போன இடத்தில் சைக்கிள் மட்டும் எப்படித் தப்பியது என்று நான் யோசிக்கவில்லை. கரியர் அகலமாக இருந்தது, உட்கார வசதி. எனக்கு அது போதும்.

அது எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், களுவாஞ்சிகுடியில் ரியூசன். அப்பா விடியமுன்னே வட்டைக்குப் போய்விடுவார், வயல் அவரை விடாது. ஆகவே என்னை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு சித்தப்பாவின் தலையில் விழுந்தது.

நாங்கள் சைக்கிள் மிதிப்பது என்று சொல்வதில்லை, உழக்குவது என்போம். சித்தப்பா உழக்கினால் ஒரு கால் இறங்கி, யோசித்து, பிறகுதான் மற்றக் கால் இறங்கும். எண்ணெய் காணாத பெடல் அதற்கேற்றபடி நின்று நின்று கத்தும். எதிர்காற்றிலும் அதே உழக்கு, இறக்கத்திலும் அதே உழக்கு. என் வகுப்புப் பிள்ளைகள் மணியடித்தபடி எங்களைக் கடந்து போவார்கள். "உன்ட சித்தப்பாட சைக்கிள் நித்திரையா கா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டே போவாள். எனக்குக் காது கூசும்.

"கெதியா உழக்குங்க சித்தப்பா. நேரம் போயிட்டு."

"மெல்ல உழக்கினாத்தான் மகள், பின்னுக்குப் பாரம் தெரியும்."

இது என்ன கதை? பாரம் தெரியாமல் இருப்பதற்குத்தானே உலகமே சில்லுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விடுகிறது. இது போதாதென்று நூறு யார்த் தூரம் போவதற்குள் ஒரு தரம், திரும்பாமலே, "இருக்கியா மகள்?" என்பார். "இருக்கன்" என்பேன். அடுத்த மதகடியில் மறுபடி கேட்பார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பெண்பிள்ளையையும் மகள் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் படவில்லை. ஓடுகிற சைக்கிளின் கரியரில் இல்லாமல் வேறு எங்கே இருப்பேன் என்ற எரிச்சல்தான்.

நாள் தவறாமல் பிந்தினோம். "பழுகாமத்து ரயில் வந்திட்டு" என்பார் ரியூசன் சேர். பழுகாமத்துக்கு ரயில் கிடையாது என்பதால் வகுப்பு இன்னும் பலமாகச் சிரிக்கும். நான் சுவரோடு நிற்பேன். அப்பாவிடம் முறையிட்டேன். "பதறாத காரியம் சிதறாது" என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியைத் தூக்கினார். இனி நானே ஒரு வழி பார்க்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

பாலத்தடியில் இராணுவக் காவலரண் இருந்தது. அதற்கு முன்னால் எல்லோரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, தாண்டியபின்தான் ஏற வேண்டும். அன்று சித்தப்பா ஏறிக்கொண்டு, "ஏறிட்டியா?" என்றார். "ஓம்" என்றேன். ஏறவில்லை. இரண்டு கையாலும் கரியரை அமுக்கிக்கொண்டு நாலைந்து அடி கூடவே ஓடி, பாலத்தின் மேல் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். என் கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

மூன்று உழக்குத்தான் போயிருப்பார். "இருக்கியா மகள்?" என்றார். நான் பேசவில்லை. இன்னொரு தரம் கேட்டார், இந்த முறை குரல் உடைந்திருந்தது. பிறகு சைக்கிள் ஒரு பக்கம் விழ, அவர் ஓடினார். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் நடுப்பாலத்தில் நிற்பது தெரிந்திருக்கும். அவர் பின்னால் பார்க்கவில்லை. பாலத்துக் கம்பியைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்தார்.

காவலரணிலிருந்து சிங்களத்தில் ஒரு சத்தம். துவக்கை நீட்டியபடி ஆமிக்காரன் ஓடி வந்தான். சித்தப்பாவுக்கு அது காதில் விழவில்லை. ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு விளையாட்டு விட்டுப்போனது.

"சித்தப்பா! இஞ்ச இருக்கன்! இஞ்சதான் இருக்கன்!"

ஆமிக்காரன் துவக்கைத் தோளில் போட்டுவிட்டு அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தான். சித்தப்பா என்னிடம் வந்தார். அடிப்பார் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். அவர் என் தலைமயிரைத் தொட்டார், காய்ந்துதான் இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு என்னைத் தூக்கி முன்னால் பாரில் இருத்தி, அதே உழக்கில் போனார். பாரில் சின்னப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஆகவே அதுதான் எனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். கோப்பை உடைத்தால்கூட அடிக்கும் அம்மா, விஷயம் தெரிந்தும் அன்று கை ஓங்கவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பரீட்சையில் நான் தேறவில்லை. பழியைச் சித்தப்பாவின் உழக்கில் போட்டேன். பிறகு சண்டை மூண்டு ஊரோடு நாங்கள் பாலம் கடந்து ஓடிய நாளிலும் நான் பாரில்தான் இருந்தேன், ஊர் முழுக்க எங்களை முந்திக்கொண்டு போனது.

சண்டை முடிந்த வருடம் எனக்குச் சொந்தச் சைக்கிள் கிடைத்தது. கரியர் பூட்டச் சொன்னேன். வேண்டாம் என்றார் சித்தப்பா, காரணம் சொல்லவில்லை. அம்மாவிடம் போய்க் கத்தினேன்.

"பேசாம இரு கா. கடல் வரக்குள்ள தங்கச்சிய கரியர்ல வெச்சிட்டு அந்த மனிசன் உழக்கின உழக்கு! றோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தா கரியர் வெறுமன. எந்த இடத்தில விழுந்திச்செண்டே தெரியாதாம். கெதியா வந்ததில பாரம் தெரியல்லியாம்."

கரியர் பூட்டவில்லை. இன்று ஓடும் சைக்கிளுக்கும் இல்லை. ரியூசனுக்கு அவர் கரியரில் போன நாளெல்லாம், ஒவ்வொரு மதகடியிலும், "இருக்கன், இருக்கன்" என்று சலித்துச் சலித்துப் பதில் சொல்லியிருக்கிறேன், அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு.