ராணியின் ஆறாவது விரல்

என் வலது கையில் சுண்டு விரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் உண்டு. ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். தொண்ணூறுகளில் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அந்த அதிர்ஷ்டம் எங்கே போனதோ தெரியவில்லை. அசோக் நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது, விரலைப் பிடிக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள், சின்ன ஆபரேஷன்தானே என்று பையனின் அம்மா சொல்லியனுப்பினார். அப்பா மறுநாளே டாக்டரை விசாரிக்கக் கிளம்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் மந்தைவெளி லெண்டிங் லைப்ரரியில் எடுத்த தடிமனான ஆங்கில நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் டியூடர் அரச குடும்பத்துக் கதை. ஆறு கல்யாணம் செய்துகொண்ட ராஜாவின் இரண்டாவது ராணிக்கு வலது கையில் ஆறு விரல் என்று அதில் வந்தது. தொங்கத் தொங்கத் தைத்த கவுன் கைக்குள் அவள் அதை மறைத்துக்கொள்வாளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ராஜாவே கட்டிக்கொண்டான், இந்த அசோக் நகர்காரர்களுக்கு என்ன வந்தது என்று சமையலறைக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டாள்.

"அப்புறம் அவ என்ன ஆனா?"

"ராஜாவே தலையை வெட்டச் சொல்லிட்டான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

கூடத்திலிருந்து அப்பா வேறு, கதைப் புஸ்தகத்தையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடாதே, நிஜமாகவே அப்படி இருந்ததா என்று பார்த்துவிட்டு வந்து பேசு என்றார். சொன்னது என் வாயை அடைக்கத்தான். நான் அதையே பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்டு வரும்வரை டாக்டரிடம் நாள் குறிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, அடையாறில் என் தோழி வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

சரித்திரப் புத்தகங்கள் நாவலைப் போல ஓடவில்லை. சனிக்கிழமைதோறும் போய் முட்டி மோதிப் படித்தேன். ராணியை நேரில் பார்த்தவர்கள் அவள் நிறத்தைப் பற்றி, கழுத்தைப் பற்றி, கண்ணைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தார்கள். விரலைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அதை எழுதி வைத்தவர், அவள் செத்தபோது சிறுபிள்ளையாக இருந்தவர். மதச் சண்டையில் நாட்டைவிட்டே போய், பல வருஷம் கழித்து, அவளைப் பொல்லாதவளாகக் காட்ட ஒரு தெற்றுப்பல்லையும் ஒரு விரலையும் சேர்த்துவிட்டார். நாவல் எழுதியவர் அதை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டார்.

துணைக்கு ஒருத்தி கிடைத்தாள் என்றிருந்தேன், அவளும் போனாள். அழுகையே வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மந்தைவெளி நெருங்குவதற்குள் எனக்கு அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், ராணிக்கு ஆறு விரல் இருந்ததற்கு நேரில் பார்த்த சாட்சி ஒன்றுகூட இல்லை என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். ஜெயித்துவிட்ட திருப்தியில் அவர் பேப்பரைப் பிரித்தார்.

"ராணிக்கு இல்லாததை எழுதினவா ஒட்டவெச்சா. எனக்கு இருக்கறதை இவா வெட்டச் சொல்றா. ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. நான் மாட்டேன்."

அப்பா பேப்பரை இறக்கவில்லை. அம்மாதான் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பிள்ளை வீட்டாரிடம் அவள் நேராகப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"பொண்ணு விரலை எடுத்துக்கறதா இல்லை. மோதிரம் போட வேற விரல் நிறைய இருக்கு. சம்மதம்னா வாங்கோ."

அவர்கள் வரவில்லை. இதை எழுதுகிற கையில் ஆறு விரல்கள் இருக்கின்றன.