மகளின் படிப்புக்குப் பூக் கேட்ட நாள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று யார் கேட்டாலும், கேட்டவரைப் பொறுத்து ஒரு பதில் வரும். பொய் சொல்ல மாட்டாள். எல்லாமே அவளுக்குப் பிடிக்கும். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவளுடைய உலகம் இருந்தது. அட்டைப் பெட்டியில் கால் ஒடிந்த ஒரு கோழி, பிரித்துப் போட்டு மறுபடி மாட்ட முடியாமல் போன மிக்ஸி, பாதி வரைந்த படங்கள், சின்னச் சின்னக் கல்தூள் பொட்டலங்கள்.

அந்தப் பொட்டலங்கள் என் கணவர் கொண்டுவந்தவை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மேலாளர் அவர். தோண்டும்போது குழியிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வரும் தூளை மகளுக்காகக் கொஞ்சம் மடித்து எடுத்து வருவார். அவள் அதைத் தட்டில் கொட்டி, எத்தனை அடியில் நிறம் மாறியது, தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் பதில் சொல்லச் சொல்லவே தூங்கிவிடுவார். இப்போது அந்தப் படிக்குக் கீழே பழைய செருப்புகள்தான் கிடக்கின்றன. பெருக்கும்போது எங்கிருந்தோ கொஞ்சம் தூள் வரும். உடனே முறத்தில் அள்ள மனம் வராது.

எனக்கு அவள் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். நாமக்கல்லிலேயே படிக்கலாம். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். வேலைக்குக் கவலையில்லை. ஆனால் அவள் பிடி கொடுக்கவில்லை. நானும் பட்டம் வாங்கியவள்தான். இருந்தாலும் அந்த மே மாதம் பயம் தாங்காமல் நானும் அவளும் குலதெய்வத்திடம் பூக் கேட்கப் போனோம். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, மனம் ஒருநிலைப்படாவிட்டால் இதுதான் வழக்கம். பூசாரி ஈரப் பூவை அம்மன்மேல் ஒட்டி வைப்பார். மனதுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

பூ வெகுநேரம் அசையவே இல்லை. பிறகு வலப்பக்கம் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மகள் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கூட்டரில் வரும் வழியில், பின்னாலிருந்து அவளே பேசினாள்.

“பூ ஒட்டிக்கிட்டு இருந்த வரைக்கும், இடது பக்கம் உழுகட்டும், இடது பக்கம் உழுகட்டும்னே நின்னேனுங்கம்மா. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.”

“என்ன தெரிஞ்சுது?”

“கல்லுதான்னு.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பயம் வந்தது. அவளை நினைத்தா, அம்மனை நினைத்தா என்று தெரியவில்லை. அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கால்நடை மருத்துவத்துக்கு இடமும் கிடைத்தது. கணவர் அக்கம்பக்கமெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, சேலத்தில் ஒரு கல்லூரியில் நிலவியலுக்கும் இடம் வந்திருப்பதை மகள் சொன்னாள்.

அவர் சிரித்தார். “கல்லு மண்ணப் பாக்கறதுக்குக் காலேஜ் எதுக்கு சாமி? என்ற வண்டில ஏறிக்கிட்டாப் போதுமே.” அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. “அம்மன் உத்தரவு குடுத்ததுக்கு அப்புறம் மீறலாமா?”

அவள் என்னைப் பார்த்தாள். அவர் சொன்னால் சொன்னதுதான், நாமக்கல்லுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

“ஏனுங்க, அந்தப் படிப்புக்கு இடம் கெடைக்குமான்னுதான் கேட்டேன். கெடைச்சிருச்சு. சேரட்டுமான்னு நான் கேக்கவே இல்லீங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்புடியா கேட்ட?”

“ஆமாங்க.”

அவர் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, சேலத்தில் ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று அவளிடம் விசாரித்தார்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். பாறை பார்க்கப் போகிறோம் என்று சொல்லும் நாளில், அவள் போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அன்று எந்த வார்த்தையில் வேண்டினேன் என்று எவ்வளவோ நினைத்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வருவதெல்லாம், பக்கத்தில் அவள் கைகூப்பி, உதடு அசைய நின்றதுதான். அவளும் நான் வேண்டியதையே வேண்டுகிறாள் என்று அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது.